கண் மாறுவது எப்போது?

அதே வீடு, அதே வேலை, அதே முகங்கள். ‘இவையெல்லாம் மாறினால்தான் நமக்கு நிம்மதி’ என்று நம்மில் பலர் பெருமூச்சு விடுகிறோம். ஆனால், சுற்றியுள்ள எதுவும் மாறாத நிலையிலேயே ஒருவருக்கு உலகம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. இதற்கு நம் நீலகிரியிலேயே ஒரு சான்று இருக்கிறது.

முதுமலையில், மாயாற்றங்கரையில், தெப்பக்காடு யானைகள் முகாம் உள்ளது. காட்டுநாயக்கர் இனத்தைச் சேர்ந்த பெள்ளி அம்மையாரின் முதல் கணவரைப் புலி கொன்றது. அதன்பின் பிறந்து வளர்ந்த காடே அவருக்கு அச்சம் தரும் இடமாயிற்று. மகளைப் பறிகொடுத்த துயரும் அவருக்கு உண்டு. இத்தகையவரிடம்தான், மின்சாரம் தாக்கித் தாயை இழந்த ரகு என்னும் யானைக்கன்று வந்து சேர்ந்தது. பாகர் பொம்மனுடன் சேர்ந்து அதற்குப் பாலூட்டினார், குளிப்பாட்டினார், பிள்ளைபோல் வளர்த்தார். பின்னர் அம்மு என்ற மற்றொரு கன்றும் வந்தது. ரகு வளர்ந்தபின் அதை வேறு பாகரிடம் ஒப்படைத்தபோது, பெற்ற தாய்போல் கலங்கினார்.

இவர்களுடைய வாழ்க்கையை உதகையில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வெஸ் ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ என்ற ஆவணப்படமாக்கினார். அது 2023-இல் ஆஸ்கார் விருது பெற்றது. அவ்வாண்டே தமிழக அரசு பெள்ளியைத் தெப்பக்காட்டில் யானைகளைப் பராமரிக்கும் காவடிப் பணியில் அமர்த்தியது. அங்கு அப்பணியேற்ற முதல் பெண் அவரே.

இதில் நாம் கவனிக்க வேண்டியது விருதையன்று. காடு மாறவில்லை; புலி இன்றும் புலியே. கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் யானை தாக்கி உயிரிழந்தோர் உண்டு. விடியுமுன் வேலைக்கு நடப்பவரிடம் ‘அஞ்சாதீர்கள்’ என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்களது அச்சம் நியாயமானது. மாறியது ஒன்றே. தாம் அஞ்சிய காட்டின் பிள்ளையைத் தம் கையால் வளர்க்கும் பொறுப்பு பெள்ளியிடம் வந்தது. யோசித்துத் தெளிந்தபின் அவர் பால் புட்டியை எடுக்கவில்லை. பசித்த கன்றுக்குப் பால் கொடுக்க வேண்டியிருந்தது; கொடுத்தார். பாசம் அதைத் தொடர்ந்து வந்தது.

அசிசி நகர்ப் புனித பிரான்சிசும் இதையே கண்டார். 1226-இல் தாம் இறக்குமுன் எழுதுவித்த சாசனத்தில், தொழுநோயாளரைக் காண்பதே தமக்கு முன்பு மிகவும் கசப்பாயிருந்தது என்றும், அவர்களிடையே சென்று இரக்கம் காட்டியபின் அக்கசப்பே இனிமையாயிற்று என்றும் குறிப்பிடுகிறார். அவருக்கும் முதலில் கை மாறியது. பிறகே கண் மாறியது.

நம் இல்லங்களுக்கு வருவோம். படுக்கையில் கிடக்கும் மாமியாரின் முனகல் எரிச்சலூட்டுகிறதா? பாடம் ஏறாத பிள்ளையைக் கண்டால் கோபம் வருகிறதா? ‘மனம் மாறட்டும், பிறகு அன்பு காட்டலாம்’ என்று காத்திருந்தால் ஆண்டுகள் கழிந்துவிடும். மாமியாருக்கு இன்றிரவு நாமே கஞ்சி ஊட்டுவோம். பிள்ளையருகே அமர்ந்து ஒரு பாடத்தை நாமும் சேர்ந்து படிப்போம். ஒருநாளில் எதுவும் மாறாமல் போகலாம். மறுநாளும் செய்வோம். மனம் பின்னால் வந்து சேரும்.