கணிப்பொறியிலும் எழுத்தெண்ணிப் படிப்போம்

தமிழ் இலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன் வலைப்பக்க வடிவமைப்பும் பல்லூடகத் தயாரிப்பும் கற்கப் போவதாகச் சொன்னால், கேட்போர் இருவகையாக மறுமொழி தருவர். "நல்லது, பிழைப்புக்கு உதவும்" என்பார் சிலர், "அது கணிப்பொறித் துறையார் வேலையன்றோ?" என்பார் வேறு சிலர். இரண்டும் பொருளை முழுதும் உணராத கூற்றுகள் என்பது, அக்கல்வியை ஓராண்டுக் காலம் பயின்ற என் கருத்து. பிழைப்பைப் பற்றி நான் எழுத வரவில்லை. அது கிடைத்தால் மகிழ்ச்சியே. தமிழ் கற்றோர் இத்துறைக்குள் நுழையாவிடில் தமிழுக்கு நேரும் இழப்பையே இங்குக் கூற விழைகிறேன்.

வலைப்பக்கம் என்றதும் வண்ணப் படங்களும் அசைந்தாடும் எழுத்துகளுமே நம் கண்முன் தோன்றுகின்றன. ஆயின் அதன் அடித்தளம் எழுத்தும் அமைப்புமே ஆகும். 1989-ஆம் ஆண்டில் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இவ்வலைக்கான முன்மொழிவை எழுதியபோது, ஆய்வாளர்தம் ஆவணங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டும் என்பதே அவர்தம் நோக்கமாக இருந்தது. எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி, இது தலைப்பு, இது பத்தி, இது மேற்கோள் என்று பகுத்துச் சொல்கிறது. அழகூட்டும் பணியைச் சி.எஸ்.எஸ். தனியே ஏற்றுக்கொள்கிறது. அதிகாரம், இயல், நூற்பா என நூலைப் பகுத்துப் பழகிய நமக்கு இது புதிய நெறியன்று.

தமிழ் இணையத்துள் புகுந்த வரலாறு பெருமையும் வேதனையும் கலந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோர் முயற்சியால் 1995-ஆம் ஆண்டிலேயே தமிழ்க் கவிதை இணையத்தில் இடம்பெற்றது. ஆனால், அக்காலத்தில் நிறுவனத்திற்கு ஓர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டுமுறை என்று ஆளுக்கொரு வழியில் நடந்தனர். ஒருவர் தட்டச்சு செய்த தமிழ், மற்றவர் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறிக் கிடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு தாம், தாப் என்னும் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது; 2010-இல் ஒருங்குறிக்கு இசைவளித்தது. இன்று எந்தக் கைப்பேசியிலும் தமிழைப் படிக்க முடிவது ஒருங்குறியின் கொடை.

எனினும் வேதனை முற்றும் தீர்ந்துவிடவில்லை. அழைப்பிதழும் ஆண்டறிக்கையும் கவியரங்கச் செய்தியும் இன்றும் பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோக்கப்பட்டு, படமாக மாற்றப்பட்டு, இணையத்தில் ஒட்டப்படுகின்றன. கண்ணுக்கு அது தமிழ். கணிப்பொறிக்கோ வெறும் புள்ளிக்கூட்டம். பார்வையற்ற மாணவர்களுக்குத் திரையை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள் அப்படத்தின் முன் பெரும்பாலும் ஊமையாகிவிடுகிறது. பிற்காலத்தில் ஆய்வு செய்ய வருபவர் ஒரு சொல்லைத் தேடினாலும் அது அகப்படுவது அரிது. எழுதியும் எழுதாதது போலாகும் இந்நிலையை அழகு என்று எப்படிச் சொல்வது?

ஆழக் கற்றவரை "எழுத்தெண்ணிப் படித்தவர்" என்று போற்றுவது நம் வழக்கு. கணிப்பொறிக்கு எழுத்தெண்ணத் தெரியுமா? 'வெண்பா' என்னும் சொல்லில் நமக்கு மூன்று எழுத்துகள். ஒருங்குறியிலோ வகரம், எகரக் குறி, ணகரம், புள்ளி, பகரம், கால் என அது ஆறு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. நிரலில் நீளம் கேட்டால் ஆறு என்றே விடை வரும். அகர வரிசையிலும் இவ்வாறே. ஒருங்குறி அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. எண் வரிசைப்படி அடுக்கினால் நம் அகராதி முறை குலைந்துவிடும். இவற்றைத் திருத்த வழியுண்டு. ஆனால், திருத்த வேண்டும் என்று அறிந்து சொல்பவர் யார்? நன்னூல் படித்தவர் அல்லரோ! (சாய்வெழுத்தைப் பற்றியும் ஒரு சொல்: ஆங்கிலத்திற்கு அது மரபாக இருக்கலாம், தமிழெழுத்தைச் சாய்த்தால் காற்றில் விழுந்த வேலிபோல் தோன்றுகிறது.)

பல்லூடகப் பயிற்சியில் என்னை மிகவும் ஈர்த்தது ஒலிப்பதிவே. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நொடி ஒலி 44,100 கூறுகளாக அளந்து பதியப்படுகிறது. அது திரையில் அலைவடிவாய் விரியும்போது, குறிலும் நெடிலும் அளவில் வேறுபடுவதைக் கண்ணாலேயே காணலாம். கண்ணிமைப்பொழுதையும் கைந்நொடிப்பொழுதையும் கொண்டு தொல்காப்பியர் வகுத்த மாத்திரைக் கணக்கு, வகுப்பறையில் மனனம் செய்தபோது விளங்கியதைவிட இங்கே எனக்குத் தெளிவாய் விளங்கிற்று. செய்யுளைப் பதிவு செய்து திருத்துபவர் சீருக்கும் சீருக்கும் இடையேயுள்ள அமைதியை வீண் இடைவெளி என்று வெட்டிவிட்டால் பாட்டின் ஓசை கெடும். கருவி அதை உணர்த்தாது. யாப்பறிந்த செவிதான் உணர்த்தும்.

மென்பொருளின் பெயரை மனப்பாடம் செய்வதே கல்வி என்று எண்ணும் மாணவ நண்பர்களுக்கு ஒரு செய்தி. ஃபிளாஷ் என்னும் அசைவூட்ட மென்பொருளை ஒரு காலத்தில் பயிற்சி நிலையங்கள் பலவும் பெருமையுடன் கற்பித்தன. அதன் இயக்கிக்கு அளித்துவந்த ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திக்கொண்டது. அதில் மட்டுமே செய்யப்பட்டிருந்த பக்கங்கள் உலாவிகளில் இருண்டுபோயின. 1990-களில் எளிய எச்.டி.எம்.எல். குறிகளால் எழுதப்பட்ட பக்கங்களோ இன்றும் திறக்கின்றன. 1998 பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், தொடக்கத்தில் பிற குறியீட்டில் தட்டச்சு செய்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற முடிந்ததும், அவை படமாக அன்றி எழுத்தாகவே இருந்தமையால்தான்.

ஆகவே, பெரியோர்களிடமும் பேராசிரியப் பெருமக்களிடமும் என் வேண்டுகோள் இது. தமிழ்த்துறையில் வாரம் இரண்டு மணி நேரமேனும் இக்கல்விக்கு ஒதுக்கப்பட வேண்டும். கற்பிப்போருள் ஒருவராவது இலக்கணம் அறிந்தவராக இருத்தல் வேண்டும். தொடக்கமாக இம்மலரையே எடுத்துக்கொள்ளலாம். அச்சிட்ட பக்கங்களைப் படம்பிடித்து ஏற்றாமல், கட்டுரை ஒவ்வொன்றையும் ஒருங்குறி எழுத்தாகவே கல்லூரித் தளத்தில் இடுவோம். தட்டச்சுப் பணிக்கும் பிழைதிருத்தத்திற்கும் இளங்கலை மூன்றாமாண்டு மாணவர் சிலர் இசைந்துள்ளனர். கணிப்பொறிக் கூடத்தின் சாவி மட்டும் மாலை வேளையில் எங்களுக்குக் கிடைக்க வேண்டும்.