நிக்காஹ் பத்திரிகையும் ஜெராக்ஸ் திரையும்

ஆற்காடு, மேல்விசாரம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் நிக்காஹ் பத்திரிகை வந்தால் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் உருது என்று இருப்பது புதிதல்ல. தமிழ் இடமிருந்து வலம் போகும். உருது வலமிருந்து இடம் வரும். அதுவும் நேராக வராது, சொல்லுக்குச் சொல் மேலிருந்து சரிந்து இறங்கும் நஸ்தலிக் எழுத்தில் வரும். இரண்டையும் ஒரே கணினியில் அடித்துத் தருகிற கடையின் போர்டில் ‘ஜெராக்ஸ், டிடிபி, லேமினேஷன்’ என்றிருக்கும். அந்த முதல் பெயருக்குச் சொந்தக்காரக் கம்பெனிதான் இந்த வேலைக்கு வழி திறந்த திரையையும் செய்தது என்பதைக் கடைக்காரரும் யோசித்திருக்க மாட்டார்.

டாஸ் காலத்துத் திரையில் வரிக்கு 80 கட்டம், மொத்தம் 25 வரி. கட்டத்துக்கு ஓர் எழுத்து, எல்லாம் ஒரே அகலம். ஆங்கிலம் அதில் சமாளித்துக்கொண்டது. தமிழில் ‘ர’வுக்கும் ‘ஞௌ’வுக்கும் ஒரே அளவு இடம் என்றால் எப்படி? நஸ்தலிக்குக்கோ கட்டம் என்ற ஏற்பாடே ஆகாது. ஐஐடி கான்பூரில் 1983இல் உருவான தேவநாகரிக் கணினியின் தொடர்ச்சியாக, சி-டாக் நிறுவனம் ‘ஜிஸ்ட்’ என்ற தனி அட்டையைக் கொண்டுவந்தது. அதைக் கணினிக்குள் செருகினால் திரையில் இந்திய எழுத்து தெரியும். கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’ என்ற மென்பொருளால் டாஸிலேயே தமிழை வரவழைத்தார். கெட்டிக்கார வேலைகள்தாம். ஆனாலும் கட்டம் என்ற சுவர் அங்கேயேதான் இருந்தது.

அதை இடிக்கும் வழி அதற்கு முன்பே ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் கிடைத்திருந்தது. அங்கே 1973இல் பிறந்த ஆல்டோ கணினியின் திரை, காகிதத்தை நிமிர்த்தி வைத்த வாக்கில் இருந்தது: குறுக்கே 606 புள்ளி, நெடுக்கே 808. ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஒரு பிட். இருந்த 128 கிலோபைட்டில் ஏறக்குறையப் பாதியைத் திரையே விழுங்கிவிடும். நினைவகம் யானை விலை விற்ற காலத்தில் இது சுத்த ஊதாரித்தனம். ஆனால் அந்தச் செலவில்தான் எழுத்துக்கும் படத்துக்கும் இருந்த வேறுபாடு ஒழிந்தது. புள்ளிகளைக் கருப்பாக்கியும் வெளுப்பாக்கியும் கொம்பு, சுழி, துணைக்கால் எதை வேண்டுமானாலும் வரையலாம்.

இந்தக் கதையை வழக்கமாகச் சொல்பவர்கள் மௌஸில் தொடங்குவார்கள்: டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் அதைக் காட்டியது, ஸ்டீவ் ஜாப்ஸ் 1979இல் ஜெராக்ஸுக்குள் போய்ப் பார்த்தது, 1984இல் மெக்கின்டாஷ் வந்தது. நமக்கு மௌஸ் இரண்டாம்பட்சம். விசைப்பலகையை வைத்தே காலம் தள்ளியிருக்கலாம்; புள்ளித்திரை இல்லாமல் முடிந்திருக்காது.

ஜெராக்ஸ் 1981இல் 16,000 டாலருக்கு மேல் விலை வைத்த ‘ஸ்டார்’ கணினி வியாபாரத்தில் தோற்றது. அதில் பல மொழிகளைக் கொண்டுவர உழைத்த ஜோசப் பெக்கர்தான் பிற்பாடு, 1988இல், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கான முன்மொழிவை எழுதினார்.

மெக்கின்டாஷின் எழுத்துருக்களுக்கு சிகாகோ, ஜெனீவா என்று நகரப் பெயர்கள். சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராக இருந்த கல்யாணசுந்தரம் தம் தமிழ் எழுத்துருவுக்கு ‘மயிலை’ என்று பெயர் வைத்து இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ செய்தார். இந்தப் பக்கத்து அச்சகங்களை மாற்றியதோ 1985இல் பிறந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும், 1992இல் வந்த விண்டோஸ் 3.1ம், அதற்குப் பிந்திய மலிவுக் கணினிகளும்தான். உருதுவுக்கு, மிர்ஸா அகமது ஜமீல் கையால் எழுதிக் கொடுத்த ஆயிரக்கணக்கான கூட்டெழுத்துகளிலிருந்து 1981இல் நூரி நஸ்தலிக் வந்தது. அதை வைத்து டெல்லியில் உருவான ‘இன்பேஜ்’ மென்பொருள் 1994இல் விண்டோஸுக்கு வந்தது. சென்னையில் 1927இல் தொடங்கிய ‘தி முசல்மான்’ நாளிதழ் மட்டும் இதற்கெல்லாம் அசையாமல், அதற்குப் பின்னும் பல்லாண்டு காதிப் எனப்படும் எழுத்துக் கலைஞர்களின் கையெழுத்திலேயே வந்தது.

வரைய முடிந்துவிட்டதால் ஒரு வினையும் வந்தது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று திரையில் தெரியும். கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அந்த ஆங்கிலக் குப்பைதான் நிற்கும். ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு, விசைப்பலகையையும் குறியீட்டையும் ஒழுங்குபடுத்தப் பார்த்தது. விசைப்பலகை நிலைத்தது, குறியீட்டுச் சண்டையை யூனிகோடு வந்துதான் முடித்தது.

டிடிபி கடையில் அது இன்னும் முடியவில்லை. பெண்வீட்டார் பெயர்களை வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புகிறார்கள். 2001க்குப் பிறகு புதிய பதிப்பே காணாத பேஜ்மேக்கர் 7க்கு அது புரியாது. மாற்றியில் போட்டுப் பழைய எழுத்துருவுக்குக் கொண்டுவர வேண்டும். அதில் எங்காவது ஒரு கொம்போ காலோ இடம் மாறும். அதனால்தான் புரூஃப் பார்க்க வீட்டிலிருந்து ஒருவர் நேரில் வந்தே ஆகவேண்டும் என்று கடைக்காரர் பிடிவாதமாகச் சொல்கிறார்.