முப்பது பேருக்கும் மூச்சு இருபதாம்!

பொது வார்டில் கேஸ் ஷீட்டுகளை வரிசையாகப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காய்ச்சல் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். நாடித்துடிப்பு மாறும். பிரஷர் மாறும். மூச்சு எண்ணிக்கை மட்டும் 20, 20, 20 என்று அச்சடித்த மாதிரி கீழே இறங்கும். நிமோனியாக்காரருக்கும் 20, ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவருக்கும் 20.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம். முப்பது நோயாளிக்கு ஒரு மூச்சு பதம் பார்க்க முடியுமா?

எழுதியது பெரும்பாலும் பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவியாக இருக்கும். உடனே "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே கிடையாது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது தப்பான முகவரிக்குப் போகிற கோபம். அந்த எண்ணை யாரும் படிக்கப் போவதில்லை என்பதை அந்தப் பெண் வார்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டுவிட்டாள், அவ்வளவுதான்.

பாடத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் அரசிதழில் வெளியிட்ட பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்தில், இரண்டாவது செமஸ்டரிலேயே உடல் பரிசோதனை தனிப் பகுதியாக வருகிறது. கண்ணால் பார்ப்பது, கையால் தொட்டுப் பார்ப்பது, விரலால் தட்டிப் பார்ப்பது, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது. வயிறு என்றால் மட்டும் வரிசை மாறும். பார்த்தவுடன் முதலில் கேட்க வேண்டும், தட்டுவதும் அழுத்துவதும் அப்புறம்தான். அழுத்திவிட்டால் குடலின் சத்தம் மாறிவிடும். தேர்வில் கேட்டால் மாணவிகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ரெக்கார்டு நோட்டில் கலர் பென்சிலில் படமும் இருக்கும். உண்மையான நோயாளியின் வயிற்றில் எத்தனை முறை கை வைத்தார்கள் என்று கேளுங்கள். பொம்மையில் செய்தது போதும் என்று முடித்துவிடுகிற கல்லூரிகள் உண்டு.

வார்டில் போய்ச் செய்யலாம் என்றால், "அதெல்லாம் டாக்டர் வேலை, நீ ஊசியை எடுத்து வை" என்று ஒரு குரல் வரும். சரி, டாக்டர் எத்தனை நேரம் கட்டில் பக்கத்தில் இருக்கிறார்? காலை ரவுண்ட்ஸில் சில நிமிடம். மீதி நேரம் முழுக்க அங்கே இருப்பது யார்?

1990-ல் அமெரிக்காவின் மயாமியில் ஒரு ஆய்வு வந்தது. வார்டில் திடீரென்று இதயம் நின்றுபோன 64 பேரின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். 54 பேருக்கு அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள்ளேயே உடல்நிலை மோசமாவதற்கான அடையாளம் பதிவாகியிருந்தது. அப்படியென்றால் பலருக்கு அது 'திடீர்' இல்லை. 2012-ல் இங்கிலாந்தில் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு நிமிடத்துக்கு 25-க்கு மேல் போனால் அது ஒன்றுக்கே 3 மதிப்பெண், அவசரமாக வந்து பார்க்க வேண்டும். 20 என்று இருந்தால்? பூஜ்யம். கண்ணை மூடிக்கொண்டு 20 எழுதுவது, அடிக்க வேண்டிய மணியின் நாக்கைப் பிடுங்கி வைப்பது மாதிரி.

இராஜபாளையத்துக்கு வருவோம். 1936-ல் ஆரம்பித்த ராஜபாளையம் மில்ஸ் முதல் இன்று வரை நூற்பாலைகள் உள்ள ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஊரில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தே வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்! பஞ்சுத் தூசியால் வருகிற பிசினோசிஸ் என்ற நோயின் அடையாளமே, வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாளில் நெஞ்சு இறுக்குவது. எந்த மெஷினும் இதைக் கேட்காது. "எந்தக் கிழமை அதிகமா இருக்கு அண்ணாச்சி?" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிஸ்டர்தான் கேட்க வேண்டும்.

மலை அடிவாரத் தோப்புகளில் பாம்புக் கடி இன்னொன்று. கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் பல நேரம் தடமே தெரியாது, வலியும் இருக்காது. வயிற்று வலி என்று வந்து படுத்திருப்பார்கள். கண் இமை லேசாகச் சொக்குவதை யாராவது கவனித்தால் உண்டு. மேலே பார்க்கச் சொல்வது, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பது, இதற்குக் காசு செலவா? கரண்ட் வேண்டுமா?

"அதான் விரல்ல மாட்டுற மெஷின் இருக்கே" என்பார்கள். 2020 டிசம்பரில் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் அந்த மெஷின் நன்றாக இருப்பதாகக் காட்டியது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். இந்தியரை வைத்துச் செய்த ஆய்வு அல்ல. ஆனால் கரிசல் வெயிலில் கறுத்த ஊருக்கு அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதிய புத்தகத்தில் 'தோல் நீலமாகும்' என்று இருக்கும். இங்கே நாக்கையும் உதட்டின் உட்பக்கத்தையும் பார்க்க வேண்டும். சோகைக்குக் கீழ் இமை, உள்ளங்கை. காமாலைக்குக் கண்ணின் வெள்ளை. இதைப் பகல் வெளிச்சத்தில் ஆள் ஆளாகப் பார்த்துத்தான் பழக முடியும், படத்தில் முடியாது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை தெரியும். 1938-ல் மெக்கெஸன் அண்டு ராபின்ஸ் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனியில் இல்லாத சரக்கை இருப்பதாகக் கணக்கு காட்டினார்கள். ஆடிட்டர் காகிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், குடோனுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் சரக்கை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று அங்கே விதி வந்தது. சரக்குக்கே அந்த விதி என்றால் மனுஷ உயிருக்கு?

வேலைப் பளு பொய்யில்லை. ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால் முப்பது பேருக்கு அரை மணி நேரம். ஊசி, டிரிப், ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கிற இடத்தில் அந்த அரை மணி கிடைக்காது. அதற்கு ஆள் போட வேண்டியது நிர்வாகம். ஆனால் மாணவிகளை இலவச வேலையாளாக ஓடவிடாமல், தினமும் இரண்டே நோயாளியைத் தலை முதல் கால் வரை பரிசோதிக்க விட்டு, பக்கத்தில் ஆசிரியர் நின்று சரிபார்ப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

இன்னொன்றும் வேண்டும். "சார், இவருக்கு மூச்சு 28" என்று அந்தப் பெண் சொன்னால், "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்காமல் டாக்டர் எழுந்து வந்து பார்க்க வேண்டும். ஒரு தடவை வந்து பார்த்தால் போதும், அடுத்த நாள் அவள் 20 என்று சும்மா எழுத மாட்டாள்.

பி.கு: ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களும் எண்ணலாம். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுசாக ஒரு நிமிடம். எண்ணுவது நோயாளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. 25-ஐத் தாண்டினால் காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள்.