உள்ளங்கைப் பலகையும் கந்துவட்டிக் கணக்கும்

விண்டோஸ் 10 போட்ட கம்ப்யூட்டர்களுக்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு ஆதரவு முடிந்தது என்று மைக்ரோசாப்ட் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. யந்திரம் கெடவில்லை. நேற்று ஓடியது இன்றும் ஓடுகிறது. ஆனால் திருடன் நுழையும் ஓட்டைகளை அடைத்துத் தர வேண்டுமானால் காரியாலயங்கள் காசு கட்ட வேண்டுமாம்! முதல் வருஷம் யந்திரம் ஒன்றுக்கு 61 டாலர். மறு வருஷம் அதில் இரட்டிப்பு. மூன்றாம் வருஷம் அதிலும் இரட்டிப்பு. களத்துமேட்டில் நிற்கும் கந்துவட்டிக்காரனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? கட்ட முடியாதவன் புதுசு வாங்க வேண்டும், ஏனெனில் பல பழைய யந்திரங்களை விண்டோஸ் 11 ஏற்காது.

கூட்டுறவு சங்கத்திலும் தொழிற்சங்கக் காரியாலயத்திலும் கம்ப்யூட்டர் செய்கிற வேலைதான் என்ன? கடிதம், சந்தாக் கணக்கு, மனு. இதற்கு உள்ளங்கை அகலப் பலகை ஒன்று போதும் என்கிறோம். ராஸ்பெரி பை என்று அதற்குப் பெயர். செல்போனில் இருப்பது போன்ற ஆர்ம் வகைச் சில்லுதான் அதன் மூளை. 2019-ல் வந்த நாலாவது ரகத்தில் இரண்டு திரைகளை மாட்டலாம். அதன் அடாப்டர் 15 வாட். பழைய கூரை விசிறி ஒன்று தின்னும் 75 வாட்டில், திரை நீங்கலாக, ஐந்து பலகைகள் ஓடும். மின்சாரம் போனால் சின்ன பாட்டரியே தாங்கும்.

அதில் ஓடுவது லினக்ஸ். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் துவக்கியது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்த்தது. யாரும் நகல் எடுக்கலாம், லைசென்ஸ் கப்பம் கிடையாது. கணக்கும் கடிதமும் எழுத லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, தமிழிலேயே.

"இது விளையாட்டுச் சாமான்" என்று கமிஷன் ஏஜெண்டுகள் கேலி செய்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருஷங்களாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். அவர்களுக்கு முடிந்தது நம் குமாஸ்தாவுக்கு முடியாதா?

குறைகளையும் மறைக்க மாட்டோம். மெமரி கார்டை மட்டும் நம்பினால் ஒருநாள் கணக்கெல்லாம் போய்விடும்; எஸ்.எஸ்.டி. மாட்ட வேண்டும். டாலி அதில் நேராக ஓடாது. சில பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். பழைய எழுத்துருவில் அடித்த தமிழை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பலகை செய்கிறவனும் முதலாளிதான், 2024-ல் லண்டன் பங்குச் சந்தைக்கே போய்விட்டான். ஆனால் அவன் கதவைச் சாத்தினால், லினக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறொருவன் பலகைக்குப் போய்விடலாம்!

ஓடுகிற பழைய யந்திரத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதிலும் லினக்ஸ் ஓடும். செத்துப்போன யந்திரத்துக்குப் பதில் பலகையை வாங்குவோம். உங்கள் சங்க மகாசபையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கத் தீர்மானம் வந்தால், லைசென்சுக்கு எவ்வளவு, கரண்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் காட்டச் சொல்லி எழுந்து கேளுங்கள்.