பழைய புரொஜக்டர் திரைக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு புரொஜக்டரும் வாங்கியவர்களுக்கு அடுத்த தேவை திரை. பள்ளியிலோ மன்றத்திலோ கழித்துப் போட்ட ஸ்டாண்ட் திரை மலிவாகக் கிடைத்துவிடும். அதில் கறை, கீறல், சின்னக் கிழிசல் இருக்கும். "ஒரு கோட் வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் புதுசாகிவிடும்" என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பழைய திரையைச் சரிசெய்து பயன்படுத்துவது நல்லதுதான். ஆனால் பிரஷ்ஷை எடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அந்தப் பழுது படத்தில் தெரிகிறதா? பவர்பாயிண்டில் எஃப்5 அழுத்தி ஸ்லைடு ஷோவைத் தொடங்கி, டபிள்யூ கீயைத் தட்டுங்கள். திரை முழுக்க வெள்ளையாகும். வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். 100 அங்குல அகலத்திரைப் படத்தில், 1920 பிக்சல் புரொஜக்டரின் ஒரு பிக்சலே 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதைவிட மெல்லிய கீறலுக்காக மெனக்கெட வேண்டாம். சினிமா மட்டும் பார்ப்பவருக்கு லேசான கறைகூடத் தெரியாது. எக்செல் பார்ப்பவருக்குத் தெரியும்.

இரண்டாவது, அது எந்த வகைத் திரை? அறையை இருட்டாக்கி, டார்ச் லைட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துத் திரையில் அடியுங்கள். பளீரென்று மின்னி, டார்ச்சைத் தள்ளிப் பிடித்ததும் மங்கினால் அது கண்ணாடி மணித் திரை. நுண்ணிய கண்ணாடி மணிகள், வெளிச்சத்தை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். மேசையில் வைக்கும் ஸ்லைடு, ஃபிலிம் புரொஜக்டர்களுக்கு ஏற்றவை இவை. (ஸ்லைடு புரொஜக்டர் தயாரிப்பை கோடாக் 2004-ல் நிறுத்திவிட்டது.) இதைத் தேய்த்தால் மணிகள் உதிரும், பெயிண்ட் அடித்தால் மணிகள் மூடிப்போகும். உதிர்ந்த இடத்தை வீட்டில் சரிசெய்ய வழியில்லை.

மின்னாத, வழவழப்பான வினைல் திரை என்றால் கவலை வேண்டாம். மிருதுவான துணியை இளஞ்சூட்டு சோப்புத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, மெதுவாகத் துடையுங்கள். தின்னர், ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். கிழிசல் இருந்தால் ஓரங்களைச் சேர்த்துவைத்து, பின்பக்கம் மெல்லிய டேப் ஒட்டுங்கள். முன்பக்கம் ஒட்டினால் டேப்பே படத்தில் தெரியும். திரை முழுக்க ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால், உங்கள் புரொஜக்டர் மெனுவில் நிறத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். காசு செலவில்லாத ரிப்பேர் அது!

மூன்றாவது, திரை சுருளுமா? சுருட்டும் திரையில் பெயிண்ட் வெடித்து உதிரும். அலை அலையாகத் தொங்கும் திரையைப் பெயிண்ட் நிமிர்த்தாது, எடைதான் கூடும். கறை உள்ள இடத்தில் மட்டும் அடித்தால் அந்த இடம் திட்டாகத் தெரியும்.

"பெயிண்ட் அடித்து நன்றாகத்தானே இருக்கிறது" என்பவர்களும் உண்டு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய, சுருட்டாத திரைக்கு அது சரி. பளபளப்பில்லாத மேட் வகை எமல்ஷனை ரோலரால் முழுப் பரப்பிலும் அடிக்க வேண்டும். பளபளப்பு இருந்தால் நடுவில் விளக்கு எரிவதுபோல் ஒளிப்பொட்டு விழும்.

என்னைக் கேட்டால், மணி உதிர்ந்த திரைக்கும் அலை விழுந்த திரைக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். அதே மேட் எமல்ஷனை வீட்டுச் சுவரில் சமமான இடம் பார்த்து அடியுங்கள். சுவர் சுருளாது, கிழியாது. வினைல் திரை கிடைத்தால் மட்டும் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.