கட்டிலில் படுத்தால்தான் காசு

கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்க்கப் போனால், என்ன வருத்தம் எண்டு கேட்கிறதோட சேர்ந்தே வரும் கேள்வி: "காப்புறுதி இருக்கா?"

இலவச சுகாதாரம் உள்ள நாட்டில் இந்தக் கேள்வி ஏன்? அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கும் காசில்லை, உண்மைதான். ஆனா நகரத்தில் எங்கட காசு கரையிறது வேற இடத்தில். கிளினிக் வரிசையில் நின்றால் ஒருநாள் சம்பளம் போகும். அதனால பின்னேரம் டொக்டரை சனல் பண்ணுகிறோம். பிறகு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பாமசி. சீனிக்கும் பிரஷருக்கும் மாசாமாசம் குளிசை.

எங்களில் ஒருத்தியின் அப்பாவுக்குக் கம்பனிக் காப்புறுதி இருந்தது. டெங்கு வந்து படுத்தபோது பில்லின் பெரும்பகுதியை அதுதான் கட்டியது. இல்லாட்டி நகை அடகுக்குப் போயிருக்கும். ஆனா பல வருஷமாக இருக்கும் சீனி வருத்தத்தின் மருந்துக்கு ஒரு சதமும் வரவில்லை, கட்டிலில் படுக்கவில்லையே! ஓய்வு பெற்றதோட அந்தக் காப்புறுதியும் நின்றது. புதுசா எடுக்கப் போனால், ஏற்கனவே உள்ள வருத்தத்துக்குத் தரமாட்டார்களாம்.

அரச ஊழியருக்கு 'அக்ரஹார' இருக்கு. தனியார் துறையில், முதலாளி 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியம் இருதய சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு உதவும். ஆட்டோ ஓடுகிற அண்ணாவுக்கும், வீட்டுவேலைக்குப் போகிற அக்காவுக்கும் சம்பளச் சீட்டே இல்லை. காப்புறுதி எங்க இருந்து வரும்?

2022 நெருக்கடியில் அரச ஆஸ்பத்திரிகளிலேயே மருந்தை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்தார்கள். படுக்கைக்கு மட்டும் காசு தரும் காப்புறுதி அந்தத் துண்டுக்கு உதவாது.

காப்புறுதி வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. வெளிநோயாளர் சிகிச்சையும் மாத மருந்தும் அதற்குள் வரவேண்டும். அதைவிட முக்கியம், அரச ஆஸ்பத்திரிகளில் பின்னேரக் கிளினிக்கும் ஒழுங்கான ஆய்வுகூடமும். காப்புறுதி அட்டை உள்ளவர்கள் எல்லாரும் தனியாருக்குப் போய்விட்டால், அரச ஆஸ்பத்திரிக்காகச் சத்தம் போட ஆர் மிஞ்சுவார்?

உங்கட வீட்டில் காப்புறுதிப் பத்திரம் இருந்தால் இண்டைக்கே எடுத்து வாசியுங்க. எது கிடைக்கும் எண்டதை விடுங்க, எது கிடைக்காது எண்டு எழுதியிருக்கிற பக்கத்தை. எங்கட வீட்டுச் செலவில் பாதி அங்கதான் இருந்தது.