ஸ்டூல் போட்டால் போதுமா?

பிளஸ் டூ முடித்ததும் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் சேர்ந்தேன். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நின்றபடிதான் வேலை. கூட்டமில்லாத மதியத்திலும் ரேக்கில் சாய்ந்தால் சூப்பர்வைசர் அதட்டுவார். விடுதிக்குப் போய்ப் பார்த்தால் கணுக்கால் வீங்கி, செருப்பு வாரின் தடம் பதிந்திருக்கும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தருவதைக் கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத் திருத்தத்தின் மூலம் கட்டாயமாக்கின. இன்று என் அக்கா மகள் வேலை பார்க்கும் கடையில் ஸ்டூல் இருக்கிறது; உட்காரத்தான் விடுவதில்லை.

இத்தனை இளைஞர்களுக்கு வேலை கொடுத்தோம் என்று கணக்குச் சொன்னால் மட்டும் போதாது. அந்த வேலை அவர்கள் உடம்பைக் கெடுக்கக் கூடாது. ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரிகள், ஊழியர்களைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர்களும், உட்கார்ந்திருக்கும் பெண்ணை மரியாதை தெரியாதவள் என்று முதலாளியிடம் புகார் சொல்லாதீர்கள்.